அலமாரியில் புளிக்கும் நெகட்டிவ்கள்

பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? படியெடுக்கும் வேலையை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய நெகட்டிவ்கள் பலவற்றின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அருகிலுள்ள சுருள்களையும் கெடுக்கும். சுருங்கி மடிந்த நெகட்டிவை மீட்பது கடினம்.

மின்னிலக்கக் கேமரா இருந்தால் வீட்டிலேயே படியெடுக்கலாம். நெகட்டிவின் ஓரத்தை மட்டும் பிடித்து, தூசியை ஊதுபந்தால் அகற்றுங்கள். டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை ஒளிரவிட்டு, அதற்குச் சில சென்டிமீட்டர் மேலே நெகட்டிவைத் தட்டையாக நிறுத்துங்கள். திரையை ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகளும் படத்தில் விழும். மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவை முக்காலியில், நெகட்டிவுக்கு நேர் இணையாக அமையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, டைமர் 2 விநாடி என அமைத்து, ரா கோப்பாக எடுங்கள்.

35 மி.மீ. சுருளில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ. 24 மெகாபிக்சல் கேமராவில் அது சட்டத்தை நிரப்பினால், 1 மி.மீ.க்கு ஏறக்குறைய 166 புள்ளிகள் கிடைக்கும். பெரிதாக அச்சிட இது போதும்.

வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் பழுதன்று. சாயங்களின் குறையை ஈடுகட்டத் தயாரிப்பிலேயே சேர்க்கப்பட்டது. படம் பதியாத ஓரத்தைக் கொண்டு வெண்சமநிலையைச் சரிசெய்தபின், மென்பொருளில் நிறங்களைத் தலைகீழாக்குங்கள்.

கோப்புகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூல நெகட்டிவ்களை எறிந்துவிடாதீர்கள். வாடை வீசுபவற்றைத் தனியே பிரித்து, காகித உறையிலிட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.