லாரிக்குள் ஒரு மார்கழி இரவு

யஷ்வந்தபுரம் மார்க்கெட் யார்டையும் லாரி பேட்டையையும் பகலில் பார்த்தவர்கள் அநேகம் பேர். மார்கழி மாதம் விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்தவர்கள் குறைவு. வரிசை வரிசையாக லாரிகள் நிற்கும். நம்பர் பிளேட்டைப் பார்த்தால் நம் ஊர்ப் பக்கத்து வண்டிகள் பல தெரியும். டி.என். 28 என்றால் நாமக்கல், 34 என்றால் திருச்செங்கோடு. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒருவர் அல்லது இருவர் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடப்பார்கள்.

கனரக லாரிகள் பகல் நேரத்தில் பெங்களூர் நகருக்குள் நுழையக் கட்டுப்பாடு இருப்பதால் ராத்திரியில்தான் வேலை. இறக்க ஆள் கிடைக்காவிட்டாலும், ரிட்டர்ன் லோடு அமையாவிட்டாலும் ஓர் இரவு இரண்டாகும், இரண்டு மூன்றாகும். லாட்ஜில் அறை எடுக்கப் பேட்டாக் காசு காணாது. கண்டாலும் லோடையும் டீசலையும் ஸ்டெப்னி டயரையும் யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது? ஆகவே வண்டியே வீடு.

பெங்களூர்க் குளிர் ஒரு குளிரா என்று டில்லிக்கு லோடு அடித்தவர்கள் கேட்கக்கூடும். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி. சாதாரண ஜனவரி இரவு 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். காரை போட்ட வீட்டுக்குள் கம்பளி போர்த்திப் படுக்கிறவருக்கு அது சுகமான குளிர்தான். ஆனால் நாமக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி உயரம், பெங்களூரோ 3000 அடி. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேடு ஏறும்போதே காற்று மாறிவிடும். ஊரில் வேர்க்க வேர்க்க லோடு ஏற்றிய அதே பனியனோடு இங்கே வந்து நிற்கிறார்கள் நம்மவர்கள்.

கீழேயிருந்து வரும் குளிர்

இஞ்சினை நிறுத்தியதும் கொஞ்ச நேரம் கேபின் கதகதப்பாக இருக்கும். அந்தச் சூட்டை நம்பிக் கண்ணயர்ந்தால் நள்ளிரவுக்கு மேல் இரும்புத் தகடு தன் வேலையைக் காட்டும். வீட்டுச் சுவரைப் போல அது சூட்டைப் பிடித்து வைப்பதில்லை.

பலரும் செய்வது, மேலே இரண்டு போர்வை, கீழே வெறும் ரெக்ஸின் சீட். உடம்பின் சூடு கீழ்ப்பக்கமாக இறங்கிப்போவதை அவர்கள் கவனிப்பதில்லை. படுத்தவரின் பாரத்தில் நசுங்காத ஏதாவது அடியில் வேண்டும். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடலாம். அதன்மேல் காய்ந்த சாக்கு இரண்டு, அதற்கும் மேல் ஒரு பவானி ஜமக்காளம். காகிதமும் நன்றாகவே தாங்கும். படித்து முடித்த பின் இந்தப் பத்திரிகையும் அதற்கு ஆகும். இவற்றுக்கு இடையே அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுப்பது. ஒரே கனத்த போர்வையை விட மெல்லியவை இரண்டு மூன்று நல்லது என்பதும் இதனால்தான்.

நனைந்த பனியனை மாற்றாமல் படுப்பது பெரிய தப்பு. காதை மூடும் குரங்குக் குல்லாவும் காய்ந்த சாக்ஸும் ஒரு போர்வைக்குச் சமம். சித்திரதுர்கா மாவட்டம் சள்ளகெரே சந்தைக் கம்பளி குத்தும், ஆட்டு வாடையும் அடிக்கும். ஆனால் சற்று ஈரம் பட்டாலும் சூடு கொடுப்பதை அது நிறுத்தாது. இருவர் படுத்த கேபினில் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து, போர்வையையும் நனைக்கும். எதிரெதிர் கண்ணாடிகளை ஒரு விரற்கடை இறக்கி வைத்தால் குளிர் அதிகமாகாது, ஈரம் வெளியேறும்.

சாராயம் குளிருக்கு மருந்து என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. குடித்தவுடன் தோல் சூடாகத் தோன்றுவது உண்மை. உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே ஓடுவதுதான் அது.

கிளீனர் பையன்களின் பாடு தனி. கேபினில் இடமில்லாதபோது லோடின் மேல் தார்ப்பாய்க்குள் நுழைந்துகொள்கிறார்கள். பனிக்கு ஒதுங்கி வண்டிக்கு அடியில் படுப்பவர்களும் உண்டு. அவர்கள் அங்கே கிடப்பது தெரியாமல் யாராவது வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புகையில்லாத நெருப்பு

குளிரை விடப் பெரிய ஆபத்து, அதைப் போக்கக் கேபினுக்குள் வைக்கும் நெருப்பு. சமையல் ஸ்டவ்வைக் குறைத்து வைத்துக் கதவை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தகரத்தில் கரி நெருப்பு எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். புகை அடங்கிய கரி ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள்; புகையாவது இருமலை வரவழைத்து ஆளை எழுப்பிவிடும். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம் என்று முன்னறிவிப்பு கிடைக்கும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. டில்லிப் பக்கம் அங்கீட்டி எனப்படும் கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் பற்றிக் குளிர்காலந்தோறும் செய்தி வருகிறது. கேபினோ அந்த அறைகளை விடச் சிறியது.

கண்ணாடியை ஏற்றிவிட்டு இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் இதே வகைதான். சைலென்சர் ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும். குளிர் காய வேண்டுமானால் கீழே இறங்கி, டீசல் டேங்குக்கு எட்டத்தில் காய்ந்துவிட்டு, தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்த பின் படுக்கலாம். பக்கத்து வண்டிக்காரர் கூப்பிட்டும் எழவில்லை என்றால் முதலில் இரு கதவுகளையும் திறந்து ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு 108.

2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயமாகிவிட்டது. வெயிலை நினைத்துச் செய்த விதி அது; அதற்கு முன் செய்த லாரிகளுக்கு அதுவும் இல்லை.

சட்டம் குளிரை மறந்துவிடவில்லை என்பதும் உண்மை. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவில் தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வறை வைக்க வேண்டும் என்றது. மழைக்கும் குளிருக்கும் உடை தரச் செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரமும் கொடுத்தது. ஆனால் குறைந்தது 5 தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களே மிகுந்த தொழிலில் அது எத்தனை பேரைத் தொட்டிருக்கும்? 2025 நவம்பர் 21-ந் தேதி அந்தச் சட்டம் போய், 2020-ல் இயற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. அதில் 5 என்ற எண் 10 ஆகியிருக்கிறது.