கண்டனூர் பையன் ஐ.எஸ்.எல்.லுக்கு போனது எப்படி? தாம்பரம் பசங்களுக்கும் வழி இருக்கு!

தாம்பரம்:
விடிஞ்சும் விடியாத நேரத்துல தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் கிரவுண்டுகளில் பசங்க கால்பந்து ஆடுவதைப் பார்க்கலாம். "இதை ஆடி என்னடா ஆகப்போற?" என்று வீட்டில் திட்டு விழுவதும் வாடிக்கைதான். ஆனால் இந்தப் பந்தே சோறு போட்ட கதையும் உண்டு.

சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்தவர் சிவசக்தி நாராயணன். 2001-ல் பிறந்தவர். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்தும் கால்பந்து பள்ளியில் பயிற்சி பெற்று, பெங்களூரு எப்.சி. கிளப்பில் சேர்ந்தார். எடுத்ததுமே பெரிய டீமில் இடம் கிடைக்கவில்லை. முதலில் ரிசர்வ் டீம்தான். உள்ளூர் லீக்கில் கோல் மேல் கோல் போட்ட பிறகுதான் சீனியர் டீம் கதவு திறந்தது.

2022 செப்டம்பர் 18-ந்தேதி கொல்கத்தாவில் துராந்த் கோப்பை பைனல். மும்பை சிட்டியை 2-1 என பெங்களூரு வென்றது. முதல் கோல் நம்ம சிவசக்தியுடையது! 2022-23 ஐ.எஸ்.எல். சீசனில் வளரும் வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

*ஏணி இதுதான்*

முதல் படி பள்ளிக்கூட டீம். பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை டெல்லி வரை கொண்டு போகும். அடுத்து மாவட்ட டீம். தாம்பரம் பசங்களுக்கு செங்கல்பட்டு மாவட்டம். அங்கே தேறினால் மாநில டீம் தேர்வு. இன்னொரு பக்கம் சென்னை டிவிஷன் லீக். கீழ் டிவிஷனில் தொடங்கி சீனியர் டிவிஷன் வரை ஏறலாம். அகாடமியில் இருப்பவர்களுக்கு வயது வாரியாக இளையோர் லீக் நடக்கிறது. பெரிய கிளப் ஆட்கள் பசங்களைப் பொறுக்குவது இங்கேதான்.

காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் அரசு செலவு.

*பெற்றோரே உஷார்!*

பிறப்பு சான்றிதழில் வயசைக் குறைக்காதீங்க. உலகக் கோப்பை 17 வயது பிரிவில் 2009 முதல் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்தே வயசைப் பார்க்கிறார்கள்.

"பணம் கட்டுங்க, ஐ.எஸ்.எல். டீம்ல சேர்த்து விடறேன்" என்று யாராவது வந்தால் நம்பாதீங்க. ஒப்பந்தம் போட்டால் கிளப்தான் வீரருக்கு சம்பளம் கொடுக்கும். வீரர் கிளப்புக்கு கொடுப்பதில்லை.

படிப்பையும் விடக்கூடாது. 2025-ல் ஒப்பந்தப் பிரச்னையால் ஐ.எஸ்.எல். போட்டியே தள்ளிப்போய் வீரர்கள் தவித்தார்கள். காலில் அடிபட்டாலும் அதே கதிதான். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் டீமில் ஆடிக்கொண்டே தமிழக போலீசில் எஸ்.ஐ. ஆனவர்.

பந்து காலில் இருக்கட்டும். புத்தகம் கையில் இருக்கட்டும்!