கணக்குத் தாளின் வலுவும் எளிமையும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமாகும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலான கரையோர ஊர்களில் எஞ்சியோருக்கு உதவி சேர்வதும் சேராமற் போவதும் பெயர்ப்பட்டியலிலேயே தங்கியிருந்தது. காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவதற்கென நம் நாட்டு வல்லுநர்கள் அன்று 'சஹானா' என்னும் மென்பொருளை உருவாக்கினர். எனினும், பள்ளிவாசலின் ஸகாத் பட்டியலுக்கும் சங்கத்தின் வெள்ள நிவாரணக் கணக்குக்கும் தனி மென்பொருள் செய்விப்பது எளிதன்று. அங்கெல்லாம் எக்ஸெல் போன்ற விரிதாளே கைகொடுக்கின்றது.

1979 இல் விசிகல்க் அறிமுகமானது முதல் விரிதாளின் சிறப்பு ஒன்றுதான்: எண்ணை மாற்றியதும் விடையும் கண்முன்னே மாறும். ஆனால் இந்த எளிமையில் ஆபத்தும் உண்டு. வங்கிக் கணக்கிலக்கத்தின் முதற் பூச்சியத்தை அது விழுங்கிவிடும். 'முஹம்மது', 'முகம்மது', 'மொஹமட்' என்போர் அதற்கு மூன்று வெவ்வேறு மனிதர்கள். 2020 இல் இங்கிலாந்தில், பழைய எக்ஸெல் கோப்பின் 65,536 வரிசை எல்லை காரணமாக ஏறத்தாழ 16,000 கொரோனாத் தொற்றாளரின் விபரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமற் போயின.

அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவரே ஒரு பட்டியலில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணுடனும், இன்னொன்றில் 12 இலக்கப் புதிய எண்ணுடனும் இடம்பெறக்கூடும். பழையதன் முன்னே 19 சேர்த்து, அதன் ஐந்தாம் இலக்கத்தின் பின் ஒரு பூச்சியம் இட்டு, எழுத்தை நீக்கினால் புதியது கிடைக்கும். இவ்விதியை ஒவ்வொரு கட்டத்திலும் நீண்ட சூத்திரமாக எழுதினால் வாசிப்பவர் திணறுவார். மக்ரோ நிரலாக எழுதினாலோ, எழுதியவர் இடமாற்றம் பெற்றதும் அதைத் திருத்த ஆளிராது.

இதற்கான வழியை 2003 இலேயே சைமன் பெய்டன் ஜோன்ஸும் இரு சகாக்களும் முன்மொழிந்தனர். நிரலாளர் துணையின்றி, தாளைக் கையாள்பவரே தமது கணக்கு விதியை ஒரு செயற்பாடாக அமைத்து வேண்டிய இடத்திலெல்லாம் பயன்படுத்தலாம் என்பதே அவர்களது கருத்து. சூத்திரத்துக்குப் பெயரிட்டு அழைக்கும் 'லாம்டா' வசதியை 2020 டிசம்பரிலேயே எக்ஸெல் அறிவித்தது. விதி ஓரிடத்தில் இருப்பதால், அதைத் திருத்தினால் தாள் முழுவதும் திருந்தும்.

வலு சேர்ப்பதென்பது கணக்கை மறைப்பதன்று, சரிபார்ப்பதை இலகுவாக்குவதே. கணக்கிலக்கங்களை எண்ணாக அன்றி எழுத்தாகப் பதிதல், பெயரை விடுத்து அடையாள எண்ணால் ஒப்பிடுதல், தயாரித்தவரல்லாத ஒருவர் பட்டியலைப் பார்வையிடுதல் ஆகியவற்றை நமது நிறுவனங்கள் வழக்கமாக்க வேண்டும். ஏழையின் பங்கு அமானிதமாகும். ஒரு கட்டத்தின் பிழையால் அது கைமாறிப் போக நாம் இடமளிக்கலாகாது.