பிக்கப்பை இறக்கும் வாலிபர்களே, டயர் நம்பரைப் பார்த்தீர்களா?
காலி வண்டியில் ஜோர்! லோடு ஏறினால் உரசல்!

சென்னை,
லோடு வண்டி என்றால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் என்பது பழைய கதை. இப்போது சில வாலிபர்கள் பிக்கப் வண்டியின் ஸ்பிரிங்கைக் குறைத்து, பாடியைத் தரையோடு தரையாக இறக்கி, பளபளக்கும் அலாய் வீலையும் மாட்டிக்கொண்டு வலம் வருகிறார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சக்கரத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது!

புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளுக்கும், கார் அலங்காரச் சாமான்கள் குவிந்து கிடக்கும் ஜி.பி.ரோட்டுக்கும் போனால் எந்த அளவிலும் ரிம் கிடைக்கும். கையில் பணம் இருந்தால் போதும். "இது உரசுமாண்ணே?" என்று கேட்டால், "அதெல்லாம் அட்ஜஸ்ட் ஆயிடும் தம்பி" என்பதுதான் வழக்கமான பதில். கடை வாசலில் வண்டி காலியாக நிற்கிறது. உரசாதுதான். விடியற்காலை 3 மணிக்கு கோயம்பேட்டில் தக்காளிப் பெட்டி ஏறும்போது கூட வந்து பார்ப்பது யார்?

65 மில்லி மீட்டர் மாயம்!

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று போட்டிருக்கும். 215 என்பது அகலம், மில்லி மீட்டரில். 75 என்றால் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு பக்கச் சுவரின் உயரம். அதாவது 161 மில்லி மீட்டர். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம், அங்குலக் கணக்கு. எல்லாம் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 703 மில்லி மீட்டர்.

"கொஞ்சம் குண்டாக இருக்கட்டுமே" என்று 235/75 ஆர் 15 மாட்டினால் உயரம் 733 ஆகிவிடும். அச்சிலிருந்து மேலே 15 மில்லி மீட்டர் கூடுதல். ஏற்கனவே பாடியை 50 மில்லி மீட்டர் இறக்கியாச்சு. ஆக மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இருந்த சந்தில் 65 மில்லி மீட்டர் காணாமல் போய்விட்டது! லோடு ஏறி ஸ்பிரிங் படுத்தால், பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும். மட்கார்டின் விளிம்பு ரப்பரைச் சீவும். டிரைவருக்கு முதலில் தெரிவது கருகிய வாடைதான்.

ஸ்பீடா மீட்டரும் பொய் சொல்லும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். அதனால் முள் 60-ல் நின்றால், வண்டி உண்மையில் 62-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ரிம் பெரிசு, எடை தாங்குமா?

விவரம் தெரிந்த ஆசாமிகள் வேறு கணக்குப் போடுவார்கள். ரிம்மை 17 அங்குலமாக்கி, பக்கச் சுவரைக் குறைத்து 225/60 ஆர் 17 போடுவது. மொத்த உயரம் 702 மில்லி மீட்டர். பழைய டயருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. சரியான கணக்குத்தானே? உயரத்தில் சரி, எடையில் கோட்டை விடுவார்கள்!

இந்த அளவு பெரும்பாலும் கார் டயர். அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு நம்பர் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. 99 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 775 கிலோ. 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. 99 போட்ட இரண்டு பின் டயரும் சேர்ந்து தாங்குவது 1,550 கிலோ. காலி வண்டியிலேயே பின் அச்சில் 700 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 25 கிலோ பெட்டி 40 ஏற்றினால் இன்னொரு 1,000 கிலோ. மொத்தம் 1,700! அதிலும் காற்று குறைவாக இருந்துவிட்டால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிக்கும்போது பின்னால் மூட்டை மேல் லோடுமேன் உட்கார்ந்திருப்பான். லோடு வண்டிக்கு 'எல்.டி.' போட்ட டயர் என்று தனியாக விற்பது சும்மா அல்ல.

ரிம்மை வெளியே தள்ளி மாட்டுவதும் ஒரு மோகம். வெளியே வந்தால் மட்கார்டில் இடிக்கும், பேரிங்குக்கும் பளு கூடும். உள்ளே போனால் ஸ்பிரிங் பட்டையில் உரசும். இரண்டுக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான்.

சாக்பீஸ் சோதனை

கடைக்காரர் வார்த்தையை நம்ப வேண்டாம். மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். வழக்கமாக ஏற்றும் லோடை ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு குனிந்து பார்த்தால் எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறது என்று தெரியும். அழிந்திருந்தால் அந்த டயர் உங்கள் வண்டிக்கு ஆகாது. பேரம் பேசி என்ன பிரயோஜனம்?

பழைய டயர் வாங்குகிறவர்கள் தேதியையும் பார்க்கணும். 2319 என்று நாலு எழுத்து இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பூ எத்தனை ஆழமாக இருந்தாலும் ரப்பர் காய்ந்திருந்தால் விரிசல் விடும்.

சட்டம் வேறு காத்திருக்கிறது. கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. எப்.சி. அன்றைக்கு மட்டும் யாரிடமோ இரவல் டயர் வாங்கி மாட்டிவிட்டு, வெளியே வந்ததும் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். விபத்து ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் இரவல் டயரைத் தேடமாட்டார். வண்டியில் இருக்கிற டயரைத்தான் படம் எடுப்பார்.

இறக்கிய வண்டிக்காரர்கள் இன்னொன்றும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டெப்னி! நாலு சக்கரமும் புது அளவு, அடியில் தொங்குவது பழைய அளவு. போல்ட் துளை பொருந்தாவிட்டால் அது வெறும் பாரம். பஞ்சரானால் வண்டி இன்னும் கீழே படுக்கும். கம்பெனி கொடுத்த ஜாக்கி உள்ளே நுழையாது. ராத்திரி 2 மணிக்கு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பலகைக்கும் கல்லுக்கும் அலைவதைவிட, தட்டையான ஜாக்கி ஒன்றை இப்போதே வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.