பழைய வேனுக்குப் புதிய பிரேக்: கவனிக்க வேண்டியவை

வணிகப் பெருமக்களில் பலர் பழைய டீசல் வேனை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். எஞ்சின் ஓடுகிறது, கடன் பாக்கி இல்லை, சரக்கு ஏற்ற அது போதும். ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி இன்றைய சாலைக்குப் போதுமா? வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறியோடு மலையிறங்கும் வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரியும். லைனிங் பிடிப்பை இழக்கும். கால் அடிவரை போகும், வண்டி நிற்காது.

இதற்காக வேறு வண்டியின் டிஸ்க்கையும் காலிபரையும் முன்சக்கரத்தில் பொருத்திக்கொள்வோர் உண்டு. டிஸ்க் காற்றுப்படும்படி இருப்பதால் சூடு விரைவில் தணியும். யோசனை நல்லதே. ஆனால் பிரேக்கும் தராசு மாதிரிதான். ஒரு தட்டைத் தொட்டால் மறு தட்டையும் பார்க்க வேண்டும்.

எங்கள் கடை வேனில் இதை அனுபவத்தில் கற்றோம். பெரிதாக இருந்தால் பலமாகப் பிடிக்கும் என்று நம்பி, 3/4 அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு 7/8 அங்குலம் போட்டோம். பெடல் கல்லாகி, பிடிப்பு குறைந்தது. கணக்கு எளிது: பிஸ்டனின் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது, அதே மிதிக்கு எண்ணெய் அழுத்தம் சுமார் 27 சதவீதம் குறைகிறது. சிறிய சிலிண்டரில் அழுத்தம் கூடும், ஆனால் பெடல் ஆழமாகப் போகும். வாக்குவம் பூஸ்டரும் சேர்த்த பிறகே சரியாயிற்று. சரக்கு ஏற்றுமுன் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்ததால் தப்பினோம்.

இவ்வேலையில் இறங்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. டீசல் எஞ்சினில் பூஸ்டருக்குத் தேவையான வாக்குவம் தானாகக் கிடைக்காது. தனி வாக்குவம் பம்ப் வேண்டும்.

2. டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில் சிறிது அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருக்கலாம். அதை அப்படியே வைத்தால் டிஸ்க் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

3. பின்சக்கரம் முதலில் இறுகினால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். காலியாகவும் முழுச் சுமையோடும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

4. காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டை அவசரத்துக்கு வெல்டிங் வைத்து ஒட்டக்கூடாது. கெட்டியான தகட்டில் கடைந்து, உறுதியான போல்ட் போட வேண்டும்.

5. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 டிகிரியாக இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆகவே முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வோம்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிப்போம். அனுமதி இல்லையென்றால் புதிய லைனிங், கடைந்த டிரம், புதிய ரப்பர், புது ஆயில் என்று பழைய பிரேக்கையே முழுதாகப் புதுப்பிப்பது மேல்.

சில ஆயிரம் மிச்சம் பார்க்கப் போய் முதலுக்கே மோசம் வரக்கூடாது. வண்டியில் போவது மூட்டை மட்டுமல்ல. நம்மை நம்பி ஏறும் டிரைவரும் சுமைப் பையனும் வீடு திரும்ப வேண்டும்.