கொல்கத்தா டூ சென்னை விமானம் 2.20 மணி நேரம்தான்... ஆனா வேலூர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

வேலூர் சிஎம்சி மருத்துவமனை இருக்கும் தெருவில் நடந்தால் தமிழோடு வங்க மொழியும் காதில் விழும். லாட்ஜ், ஓட்டல் பெயர்ப் பலகைகளிலும் வங்க எழுத்துகளைப் பார்க்கலாம். சிகிச்சைக்கு அங்கிருந்து வருபவர்கள் அத்தனை பேர். தோல் தொழிலும் இரு ஊர்களுக்கும் பொது: இங்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, கொல்கத்தா பக்கம் பான்தலா.

சரி, எவ்வளவு தூரம்? கொல்கத்தா விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் வான்வழி தூரம் சுமார் 1,385 கி.மீ. உயரத்தில் பயணிகள் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். அப்படிப் பார்த்தா 1 மணி 40 நிமிடத்தில் வந்துடணுமே? ஆனால் டிக்கெட்டில் 2 மணி 20 நிமிடம், சில விமானங்களுக்கு அதற்கு மேலும் போட்டிருக்கும். காரணம் சிம்பிள். கொல்கத்தாவில் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்தது முதல் சென்னையில் நிறுத்துவது வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது, தரையிறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

உண்மையான சோதனை அதற்கு அப்புறம்தான். மீனம்பாக்கத்திலிருந்து வேலூருக்கு சாலையில் சுமார் 130 கி.மீ. விமான தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் இரண்டரை முதல் 3 மணி நேரம் ஆகிவிடும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் சேர்ந்துகொண்டால் இன்னும் இழுக்கும். கிளம்பும்போது விமான நிலையத்தில் 2 மணி நேரம், இறங்கியதும் லக்கேஜுக்கு அரை மணி நேரம் என்று கூட்டினால் மொத்தம் 8 மணி நேரம். சிஎம்சியில் காலை 8 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் இருந்தால், அன்றைய முதல் விமானத்தை நம்பக் கூடாது. முந்தைய நாளே வந்துவிட வேண்டும். ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் லாபம். சென்னையிலிருந்து வரும்போது அது வேலூருக்கு முன்பே வந்துவிடும்.

நீண்ட நேரம் காரில் உட்கார முடியாத நோயாளிகள் மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கிருந்து காட்பாடிக்கு ரயில் பிடிக்கலாம். சென்ட்ரல் - காட்பாடியும் சுமார் 130 கி.மீ.தான். வேகமான ரயில்கள் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும்.

பெங்களூருவில் இறங்கினால் என்ன? கொல்கத்தாவிலிருந்து வான்வழியில் சுமார் 1,545 கி.மீ. கூடுதலாகப் பறப்பது கிட்டத்தட்ட 12 நிமிடம், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தேவனஹள்ளியிலிருந்து வேலூருக்கு சாலையில் 200 கி.மீ.க்கு மேல். நோயாளிக்கு அது வேண்டாத அலைச்சல். ஆம்பூர், வாணியம்பாடிக்கு வரும் தோல் வியாபாரிகள் கணக்கு வேறு. அந்த ஊர்கள் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருப்பதால், எந்த டிக்கெட் மலிவோ அதைப் போடலாம்.

விமானமே வேண்டாம் என்றால், ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் செலவு குறைவு, படுத்துக்கொண்டே வரலாம், இறங்கியதும் ஆட்டோவில் மருத்துவமனை.

வேலூரிலேயே விமான நிலையம் இருக்கே என்று கேட்கலாம். அப்துல்லாபுரத்தில் இருப்பது உண்மை. மத்திய அரசின் உதான் திட்டத்திலும் அது சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த ஓடுபாதை சிறிய ரக விமானங்களுக்கானது. கொல்கத்தா - சென்னை இடையே பறக்கும் ஏர்பஸ், போயிங் விமானங்கள் அதில் இறங்க முடியாது.