செவிலியர் புண்ணை நோக்கும் முறை

மருத்துவர் காலையில் ஒரு முறை வருகிறார். சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். நோயாளியின் புண்ணோடு நாள் முழுதும் பழகுபவர் செவிலியரே. கட்டை அவிழ்ப்பவரும் அவர், கழுவுபவரும் அவர், மீண்டும் கட்டுபவரும் அவர். ஆதலால் புண் ஆறுகிறதா, அழுகுகிறதா என்பதை முதலில் அறியக்கூடியவரும் அவரே. 'துடைத்துக் கட்டுவதில் என்ன பெரிய கலை இருக்கிறது?' என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

நாம் பயிலும் இக்காசிக்கும் இப்பொருளுக்கும் பழைய உறவு உண்டு. காசியரசர் திவோதாசரிடம் மருத்துவம் கற்றவர் சுசுருதர் என்பது மரபு. அவர் பெயரால் வழங்கும் சங்கிதையில் புண்ணிலிருந்து வடிவது, புண்ணின் நிறம், அதன் நோவு ஆகியவற்றை ஆராய்வதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. இன்றைய செவிலியரின் குறிப்பேட்டிலும் இம்மூன்றுக்கும் இடம் உண்டு.

கட்டை அவிழ்த்ததும் செவிலியரின் கண் முதலில் செல்வது அவிழ்த்த துணியின்மீது. அது எவ்வளவு நனைந்திருக்கிறது? என்ன நிறம்? தெளிந்த, வெளிறிய நீரோ, சிறிது குருதி கலந்த நீரோ முதல் சில நாட்களில் வருவது இயல்பு. கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் அது சீழ். நாற்றத்தைப் புண்ணைக் கழுவிய பின்னரே மதிப்பிட வேண்டும். சில வகைக் கட்டுகள் தாமே நாறுவன.

ஈரம் முழுவதும் தீதென்று எண்ணிவிடக்கூடாது. 'புண்ணை மூடாதே, காற்றாட விடு' என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லும் அறிவுரை. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி ஈரமாக வைத்த புண்கள், காற்றுப்பட விட்டவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் புதுத்தோல் போர்த்தன. ஆகவே ஈரம் மிகுந்து சுற்றியுள்ள தோல் ஊறிப் போகாமலும், காய்ந்து பொருக்குத் தட்டாமலும் காப்பதே கட்டின் வேலை.

கழுவியபின் புண்ணின் அடித்தளம் தெரியும். செக்கச் செவேலென்று, ஈரமாய், மணல் போன்ற பொடிக் குருக்களோடு இருந்தால் புதுத்தசை வளர்கிறது. மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருப்பது செத்த தசை. கறுப்பாய்த் தோல்போல் இறுகியிருப்பதும் செத்ததே. அதன் அடியில் ஆழம் எவ்வளவென்று மேலிருந்து எவராலும் கூற முடியாது. செத்ததையெல்லாம் உடனே அகற்றிவிடலாமே என்றால், அதுவும் சரியன்று. குதிகாலில் காய்ந்து, அசையாமல், சீழின்றி இருக்கும் கறுப்புப் பொருக்கைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுவார்கள். ஓரத்தில் வெளிறிய இளஞ்சிவப்பாய்த் தோல் உள்நோக்கி ஊர்ந்து வருவது நல்ல அறிகுறி.

பிறகு அளவு. தலையிலிருந்து கால் நோக்கிய நீளம், அதற்குக் குறுக்கே அகலம், ஈரப்பஞ்சுக் குச்சியால் ஆழம். 'புரையோடிய புண்' என்று நாம் பேச்சில் வழங்குகிறோம் அல்லவா? அந்தப் புரையையும் செவிலியர் அளக்கிறார். புண்ணைக் கடிகார முகமாகக் கொண்டு, தலைப்பக்கத்தைப் பன்னிரண்டு மணி என வைத்து, '3 மணித் திசையில் 2 செ.மீ. புரை' என்று எழுதுகிறார். அடுத்த முறை அளக்கும்போதும் நோயாளி அதே நிலையில் படுத்திருக்க வேண்டும். இல்லையேல் கணக்குத் தவறும்.

'நேற்றைவிடத் தேவலை' என்னும் சொல்லால் பயனில்லை. 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உடைய புண் 3-க்கு 2 ஆயிற்றென்றால், பரப்பு 12-இலிருந்து 6-ஆகப் பாதி குறைந்தது என்று தெளிவாகத் தெரியும். நீரிழிவுக்காரரின் காற்புண் நான்கு வாரத்தில் பாதியளவேனும் சுருங்காவிட்டால், அதே மருத்துவத்தைத் தொடர்வதால் ஆறும் வாய்ப்புக் குறைவு. வழியை மாற்றியாக வேண்டும். காலை இழப்பதும் காப்பதும் சில வேளை இந்தச் சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது.

நோவு இல்லாத புண்ணே அஞ்சத்தக்கது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்குப் பெருங்காரணம் உணர்ச்சி அற்றுப்போனதால் அறியாமல் படும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். நீரிழிவிலும் இதே நிலை நேர்கிறது. வளையும்போது 10 கிராம் விசை தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, 'தெரிகிறதா?' என்று கேட்பது எளிய சோதனை.

படுக்கைப்புண்ணில்தான் நம்மவர்க்கு ஒரு தனி இடர் உண்டு. அதன் முதல் நிலையில் தோல் கிழிவதில்லை; சிவந்திருக்கும்; விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. பாடநூல்கள் பலவும் இப்படித்தான் கற்பித்தன. வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் இச்சிவப்பு நம் கருந்தோலில் தெரிவது அரிது. தெரியாததை 'இல்லை' என்று எழுதிவிட்டால், அடியில் தசை செத்துப் புண் திறந்த பின்னரே கண்ணுக்குப் படும். எனவே தேர்ந்த செவிலியர் கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் நம்புகிறார். இடுப்பின் பின்புற எலும்பு, குதிகால், பின்மண்டை ஆகிய இடங்களைத் தொட்டு, அருகிலுள்ள தோலோடு ஒப்பிடுகிறார். சூடோ குளிர்ச்சியோ, கெட்டியோ கொழகொழப்போ வேறுபட்டால், அதுவே எச்சரிக்கை.

யாருக்குப் படுக்கைப்புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டி மதிப்பிட, பிரேடன், பெர்க்ஸ்ட்ரம் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உதவுகிறது. உணர்ச்சி, தோலின் ஈரம், நடமாட்டம், புரளும் வலிமை, உணவு, உராய்வு ஆகிய ஆறுக்கும் எண் தருவர். மொத்தம் 6 முதல் 23 வரை. குறையக் குறைய இடர் மிகும். 18-ம் அதற்குக் கீழும் வந்தால் விழிப்பாயிருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், நல்ல வெளிச்சத்தில் அவர்தம் குதிகாலையும் இடுப்பையும் பார்த்துத் தொட்டறியுங்கள். ஓரிடம் கறுத்தோ கெட்டியாகவோ தோன்றினால் எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டா. தேய்ப்பதால் அடியிலுள்ள தசை மேலும் கெடும். அவ்விடத்தில் பாரம் படாதவாறு திருப்பிப் படுக்க வைத்து, அன்றே செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.